அய்யா காட்டிய நேர்ச்சை

அய்யா உண்டு.



நேர்ச்சை என்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் புழங்குகிற சொல். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நேர்ச்சை. பரீட்சைக்கு ஒரு நேர்ச்சை. வெளிநாட்டு வேலைக்கு விசா வர ஒரு நேர்ச்சை. கேட்டது கிடைத்தால் நேர்ந்ததைச் செலுத்துகிறோம். கிடைக்காவிட்டால் அந்தச் சாமியை விட்டுவிட்டு வேறு சாமியிடம் போகிறோம். நேர்ந்ததைச் செலுத்த முடியாமல் போனவர்களுக்கோ இன்னொரு வேதனை. பல வருடம் கழிந்த பிறகு வீட்டில் ஒரு துன்பம் வந்தாலும், அந்தப் பழைய நேர்ச்சைப் பாக்கிதான் பழிவாங்குகிறதோ என்று மனசு நடுங்கும். இந்தப் பயத்தை நெஞ்சில் சுமந்துகொண்டே தாங்கலுக்கு வந்து போகிற தாய்மார் எத்தனையோ பேர்.

இறைவனுக்கு நேர்ந்துகொள்வது என்றால் உண்மையில் என்ன? நாம் கொடுப்பதை எண்ணிப் பார்த்து வரம் தருகிற கணக்குப்பிள்ளையா அவர்? தவணை தவறினால் தண்டிக்கிற வட்டிக்காரரா? இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் எங்கும் போக வேண்டாம். நம் அய்யா வைகுண்டர் இந்த மண்ணில் நடந்து காட்டிய வாழ்வே அதற்கு விடை. அந்த வாழ்வை நேர்ச்சை என்ற ஒரு கண்ணால் மட்டும் இங்கே பார்ப்போம்.

முத்துக்குட்டியின் பீடம்

1809-ஆம் ஆண்டு. திருவிதாங்கூர் அரசின் தென்கோடியில் சாஸ்தாங்கோவில்விளை என்ற சிற்றூர். அதுதான் இன்றைய சுவாமிதோப்பு. பொன்னுமாடனும் வெயிலாளும் தங்கள் பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று ஆசையாய்ப் பெயர் வைத்தார்கள். பனையேறிப் பிழைக்கும் குடும்பத்தில் இப்படி ஒரு பெயரா என்று மேல்சாதியார் பொறுக்கவில்லை. பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. பிள்ளை முத்துக்குட்டி ஆனான்.

அந்தக் காலத்தின் கொடுமையை இந்த ஒரு செய்தியே சொல்லிவிடும். தலைக்கு வரி, பனைக்கு வரி, ஊதியம் இல்லாத ஊழிய வேலை. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, தலையில் துண்டு கட்டக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. பெரிய கோவில்களின் வாசலில் இந்த மக்களுக்கு இடமில்லை. ஆகவே அவர்கள் பனங்காட்டு ஓரத்திலும் சுடலைமேட்டிலும் சிறு தெய்வங்களுக்குப் பீடம் போட்டு, கிடாவும் சேவலும் நேர்ந்து, இரத்தம் சிந்திப் பயத்தோடு கும்பிட்டார்கள். வெளியே அரசனுக்கு வரி, உள்ளே பேய்க்குப் பலி. இரண்டுக்கும் கொடுத்துக் கொடுத்தே அந்த ஏழைகளின் கை காலியாயிற்று.

இப்படிப்பட்ட ஊரில் முத்துக்குட்டி தம் வீட்டில் விஷ்ணுவுக்கு ஒரு பீடம் வைத்து வணங்கினார். பனைத்தொழிலும் வயல்வேலையும் செய்தார். புவியூர்த் திருமாலம்மாளோடு இல்லறம் நடத்தினார். பெரிய செல்வமோ படிப்போ பதவியோ அவரிடம் இல்லை. இருந்தது அந்தப் பீடமும் அதன் முன்னே குனிந்த தலையும்தான்.

தாயின் வேண்டுதல்

இருபத்திரண்டு வயதில் முத்துக்குட்டியைக் கொடிய நோய் பற்றியது. இரண்டு ஆண்டுகள் படுக்கையிலேயே கழிந்தன. உடம்பு மெலிந்து, எழுந்து நடக்க மாட்டாமல் கிடந்த மகனைப் பார்த்துப் பார்த்து வெயிலாள் அம்மை உருகினார். அப்போது திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்கு மகனைக் கொண்டுவரும்படி நாராயணர் அந்தத் தாய்க்குக் கனவில் உணர்த்தினார்.

1833-ஆம் ஆண்டு, கொல்லம் 1008 மாசி மாதம். ஊராரும் உறவினரும் திருவிழாவுக்குக் கால்நடையாய்ப் புறப்பட்டபோது, நோயாளி மகனைத் தொட்டில் கட்டிச் சுமந்துகொண்டு அவரும் புறப்பட்டார். கூடங்குளம் அருகே எல்லோரும் இளைப்பாறி உணவு உண்ணும் வேளையில், நடக்க முடியாமல் கிடந்த முத்துக்குட்டி தாமே எழுந்து செந்தூரை நோக்கி நடக்கத் தொடங்கினார். செந்தூர்க் கடற்கரை வந்ததும் நேராகக் கடலுக்குள் இறங்கினார். அலை மூடியது. ஆளைக் காணவில்லை.

ஒரு நாள் ஆயிற்று. இரண்டு நாள் ஆயிற்று. முத்துக்குட்டி மாண்டார் என்று கூட வந்தவர்கள் கலைந்தார்கள். தாய் மட்டும் கரையை விட்டு அகலவில்லை. மூன்றாம் நாள், மாசி 20, கடலிலிருந்து எழுந்து வந்தவர் வைகுண்டர். ஓடிச்சென்று மகனே என்று அணைக்க வந்த தாயிடம், தாம் இனி அவருக்கு மட்டும் மகன் அல்ல என்றும், நாராயணரின் மகனாய் உலகத்துக்கு வந்திருப்பதாகவும் அய்யா உணர்த்தினார்.

மக்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தத் தாய் வேண்டியது மகனுக்குச் சுகம். சுகம் கிடைத்தது. ஆனால் சுகமான மகன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அவர் தம் நடையைத் தெச்சணம் நோக்கித் திருப்பினார். பிறந்த ஊருக்கே வந்தும் பிறந்த வீட்டுக்குள் போகவில்லை. நாம் ஒன்றைக் கேட்டு இறைவன் வேறொன்றைத் தரும்போது, நேர்ச்சை பலிக்கவில்லை என்று சொல்கிறோம். வெயிலாள் அம்மையின் வேண்டுதல் பலிக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா? ஒரு பிள்ளையைக் கேட்டுக் கரையில் காத்திருந்த தாய், எல்லா மக்களுக்கும் ஒரு அய்யாவைத் தந்துவிட்டுத் திரும்பினார். அவர் கொடுத்தது கிடாவும் அல்ல, காசும் அல்ல. தம் உரிமையைக் கொடுத்தார்.

ஆறு ஆண்டுத் தவசு

ஊர் வந்த அய்யா, பூவண்டன்தோப்பில் தவசு ஏற்றார். இன்று வடக்கு வாசல் என்று நாம் வணங்கி நிற்கும் இடம் அது. ஆறு ஆண்டுகள் தவசு நடந்தது. முதல் இரண்டு ஆண்டு ஆறடி ஆழக் குழிக்குள் நின்று. அடுத்த இரண்டு ஆண்டு தரையில் இருந்து. கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த இருக்கையில் அமர்ந்து. மழை, வெயில், பனி எல்லாம் அந்தத் திருமேனிமேல் பட்டன. இடையில் ஒரு கந்தைத் துணி. தலையில் சடைபிடித்த முடி.

இந்தத் தவசுகள் எதற்காக என்பதை அகிலத்திரட்டு அம்மானை நமக்குக் காட்டுகிறது. முதல் தவசு கலி மாறி யுகம் திருந்துவதற்கு. இரண்டாம் தவசு தாழ்த்தப்பட்டுக் கிடந்த சாதி நிமிர்வதற்கு. மூன்றாம் தவசு பெண்மக்களுக்கும் முன்னோர்க்கும். மூன்றையும் கூட்டிப் பாருங்கள். ஆறு ஆண்டுகளில் தமக்கென்று கேட்டது ஒன்றாவது உண்டா? தம் நோய்க்கு அல்ல, தம் குடும்பத்துக்கு அல்ல, தம் புகழுக்கும் அல்ல. வேண்டுதல் முழுவதும் பிறருக்கு. பட்ட பாடு முழுவதும் தமக்கு. நாம் நேரும்போது இது தலைகீழாய் இருக்கிறது. வேண்டுவது நமக்காக, பாடு மட்டும் நாம் நேர்ந்துவிட்ட ஆட்டுக்குட்டிக்கு.

தவசு இருந்த அய்யாவைத் தேடிச் சுற்று ஊர்களிலிருந்து மக்கள் திரண்டார்கள். மண்ணும் தண்ணீரும் கொடுத்தே அய்யா நோய் தீர்த்தார். அப்படி வந்தவர்களிடம் ஆடு, கோழி பலியிடுவதை விடச் சொன்னார். பேய்க்கு நேர்வதையும் அஞ்சுவதையும் விடச் சொன்னார். காணிக்கையும் கையூட்டும் கேட்கிற தெய்வம் தெய்வம் ஆகாது என்று தெளியவைத்தார். தலைமுறை தலைமுறையாய்ப் பயத்தால் நேர்ந்துகொண்டிருந்த மக்களுக்கு இது எத்தனை பெரிய விடுதலை! பேய்களின் வலிமையை அய்யா ஒடுக்கி எரித்தார் என்று அகிலம் கூறுகிறது. பேய் எரிந்தபோது அதனோடு பழைய நேர்ச்சைப் பாக்கிகள் எல்லாம் எரிந்து சாம்பலாயின என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

சிறையில் வைத்த சோதனை

மக்கள் ஒன்று கூடுவது அரசின் காதுக்கு எட்டியது. அப்போது சுவாதித் திருநாள் திருவிதாங்கூர் மன்னர். பனையேறிக் குலத்தில் வந்த ஒருவரை எல்லோரும் வணங்குவதும், வரியும் ஊழியமும் கேட்கும் அரசை அவர் நீசம் என்று கண்டிப்பதும் பொறுக்க முடியாத குற்றமாயின. மன்னர் சுசீந்திரம் வந்திருந்த சமயம் சேவகர்களை ஏவி அய்யாவைப் பிடிக்கச் செய்தார். அய்யா எதிர்க்கவில்லை, கலங்கி நின்ற மக்களையும் பொறுமையாய் இருக்கச் செய்தார். திருவனந்தபுரத்துக்கு நடத்திச் சென்று சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள். பாலில் விஷம் கலந்து கொடுத்தார்கள். பட்டினி போட்ட புலியின் முன்னே நிறுத்தினார்கள். விஷமும் தீண்டவில்லை; புலியும் தீண்டவில்லை.

கடைசியில் வந்ததே பெரிய சோதனை. விடுதலை தருகிறோம், ஆனால் ஒரு நிபந்தனை: இனி உன் சொந்தச் சாதியாரோடு மட்டும் இருப்பேன், மற்றச் சாதிகளைச் சேர்த்துக் கூட்ட மாட்டேன் என்று எழுதிக் கைச்சாத்து இடவேண்டும். விஷத்தைவிடக் கொடியது இது. கையெழுத்து ஒன்று போட்டால் போதும், வீட்டுக்குப் போகலாம். சின்னப் பொய் ஒன்று சொல்லிவிட்டுப் பிறகு மீறிக்கொள்ளலாம் என்று நம்மைப் போன்றவர்கள் கணக்குப் போட்டிருப்போம். அய்யா அந்தச் சீட்டுக்கு இணங்கவில்லை. பதினெட்டுச் சாதியையும் ஒரு மக்களாய் ஆளவந்தவர், அதற்காகவே ஆறு ஆண்டு நோற்றவர், அந்த நோன்பை ஒரு துண்டு ஓலைக்கு விற்பாரா? நூறு நாளுக்கு மேல் சிறையில் இருந்து, 1839-ஆம் ஆண்டு மாசி மாதம் நிபந்தனைக்குக் கட்டுப்படாமலே வெளியே வந்தார். மக்கள் அவரை வாகனத்தில் ஏற்றித் தோளில் சுமந்து சுவாமிதோப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மாசி 20-ஆம் நாளும் திருவனந்தபுரத்திலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் ஊர்வலங்கள் வந்து கூடி, நாகர்கோவிலிலிருந்து சுவாமிதோப்புக்கு நாம் நடக்கிறோமே, அந்த நடையில் சிறையின் நினைவும் கடலின் நினைவும் சேர்ந்தே நடக்கின்றன.

இறைவனுக்கு ஒப்புக்கொடுத்த வாழ்வின் அடையாளம் இதுவே. சுகமாய் இருக்கும்போது எடுத்த உறுதியைக் கஷ்டம் வந்தபோது விலை பேசாமல் இருப்பது.

எழுநூறு குடும்பங்களின் நேர்ச்சை

அய்யா தாம் நோற்றதோடு நிற்கவில்லை; மக்களையும் நோற்க வைத்தார். எழுநூறு குடும்பங்கள் வீடு வாசல் விட்டு வாகைப்பதிக்குப் போயின. கன்னியாகுமரிக்கு அடுத்த கடற்கரை அது. பிறகு முட்டப்பதிக்கு மாறினார்கள். மாதக்கணக்கில் நடந்த அந்த நோன்பைத்தான் துவையல் தவசு என்கிறோம்.

என்ன செய்தார்கள் அங்கே? நாளுக்கு மூன்று வேளை கடலில் குளித்தார்கள். உடுத்த துணியை மூன்று வேளையும் துவைத்தார்கள். அரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்து, உச்சிப் பொழுதில் ஒருவேளை மட்டும் உண்டார்கள். மீனும் மாமிசமும் தொடவில்லை. கணவனும் மனைவியும் கூடப் புலனடக்கத்தோடு இருந்தார்கள். எல்லோரும் ஒரே உலையில் வெந்ததை ஒரே பந்தியில் உண்டார்கள்.

இவர்கள் யாரும் பொன்னோ பொருளோ நேரவில்லை, அவர்களிடம் இருந்தால்தானே! அழுக்கானவர்கள், தீண்டத்தகாதவர்கள் என்று உலகம் தள்ளிவைத்தவர்கள் அவர்கள். அந்த மக்கள் தங்கள் பசியை நேர்ந்தார்கள், தூக்கத்தை நேர்ந்தார்கள், ஒவ்வொரு நாளையும் நேர்ந்தார்கள். துணியோடு சேர்த்து, தாழ்ந்தவர் என்ற நினைப்பையும் கடலில் துவைத்தார்கள். கரையேறியபோது அவர்கள் துவையல் பண்டாரங்கள். தலைப்பாகை கட்டி, நெற்றியில் திருநாமம் இட்டு, ஊர் ஊராய் அய்யாவின் வழியைக் கொண்டுசென்றவர்கள் அவர்களே. முடிசூடும் பெருமாள் என்ற பெயரைத் தாங்க முடியாத உலகம், அவருடைய மக்கள் அத்தனைபேர் தலையிலும் பாகை ஏறியதைப் பார்த்து நின்றது. பதியில் நாம் கைநீட்டி வாங்குகிற தவணைப்பாலில் இருப்பது அதே அரிசியும் பயறும்தான். அடுத்தமுறை வாங்கும்போது, ஒருவேளைச் சோற்றோடு நின்ற அந்த எழுநூறு குடும்பங்களை நினைத்து வாங்குங்கள்.

தர்மமே நேர்ச்சை

அதன்பின் அய்யா செய்தவை எல்லாம் அந்த ஒரே நேர்ச்சையின் கிளைகள். குளத்திலும் கிணற்றிலும் சாதிக்கு ஒரு துறை இருந்த நாளில், எல்லோரும் இறைத்துக் குளிக்கவும் குடிக்கவும் முத்திரிக் கிணறு தந்தார். எல்லோரையும் ஒன்றாய் உட்காரவைத்து உண்ணச் செய்தார். ஊர்தோறும் நிழல்தாங்கல்களை ஏற்படுத்தினார். சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி வைத்து, உன்னுள்ளே இருக்கும் இறையை நீ பார் என்று காட்டினார். அய்யாவின் அருள்பெற்ற சகாதேவன் சீடர் அரிகோபாலன் 1841-ஆம் ஆண்டு அகிலத்திரட்டு அம்மானையை எழுதி நமக்கு வேதமாய்த் தந்தார். 1851-ஆம் ஆண்டு, கொல்லம் 1026 வைகாசி 21, திங்கட்கிழமை அய்யா வைகுண்டம் ஏகினார். திருமேனியை வைத்த இடமே சுவாமிதோப்புப் பதியின் பள்ளியறை. தோள்சீலை உடுத்தும் உரிமைக்கு அரசு பணிந்தது அதற்கு எட்டு ஆண்டு கழித்து, 1859-இல். அய்யா நட்ட மரம் அவர் ஏகிய பிறகும் காய்த்தது.

மக்களே, இந்தத் திருச்சரிதத்தைக் கேட்டபிறகு நாம் நேர்கிற முறை மாறவேண்டும். இதைத் தந்தால் அதைச் செய்கிறேன் என்று அய்யாவிடம் பேரம் பேசவேண்டாம். பிள்ளைக்குச் சுகம் கேளுங்கள். கேட்பது குற்றமில்லை, வெயிலாள் அம்மையும் கேட்டார். ஆனால் நேர்ச்சையை அந்த வரத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் பசித்தவர் ஒருவருக்குச் சோறு போடுவேன் என்று நேருங்கள். ஞாயிறு தவறாமல் தாங்கலில் பணிவிடைக்குத் தண்ணீர் எடுப்பேன் என்று நேருங்கள். குடியை விடுவேன், வாயில் வரும் கெட்ட சொல்லை விடுவேன், சாதி சொல்லி யாரையும் தாழ்த்த மாட்டேன் என்று நேருங்கள். வரம் வந்தாலும் செய்யுங்கள், வராவிட்டாலும் செய்யுங்கள். இதற்குப் பணம் வேண்டாம். மனசு ஒன்று போதும்.

நேர்ந்தது நடுவில் தவறிப்போனால்? மறுநாள் காலையில் குளித்து, திருநாமம் இட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். அய்யா தண்டல்காரர் அல்ல. விஷம் கொடுத்தவனையே பொறுத்தவர். பழைய பாக்கிக்காக அவர் உங்கள் பிள்ளைகளைப் பழிவாங்குவார் என்று ஒருநாளும் அஞ்சவேண்டாம். அந்த அச்சம் கலியின் சூழ்ச்சி. தவறிய இடத்தில் மறுபடி எழுந்து நடப்பவரை அய்யா கைப்பிடித்து நடத்துவார். கூடங்குளத்தில் எழுந்து நடந்த பாதம் அது.

பொறுமையும் தர்மமும் உங்கள் வீட்டில் வாழட்டும். அய்யா துணை.

அய்யா உண்டு.